மெயில் ஐடியின் முதல் எழுத்து கேப்பிட்டல் ஆனால் மெயில் வேறு பெட்டிக்குப் போகிறது: போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட்

ஐந்துரோடு_அட்மின் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம், ஏற்காட்டில் காபி எஸ்டேட், எஸ்டேட்டுக்குள்ளேயே வாடகைக்கு விடுற நாலு காட்டேஜ். மூணும் ஒரே குடும்பத்தோடது. மூணுக்கும் ஒரே டொமைன், ஒரே மெயில் சர்வர். டெபியன் லினக்ஸ் மேல போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புறது), டவ்காட் 2.3 (பெட்டியில போட்டு போன், லேப்டாப்புக்குக் காட்டுறது), யூசர் பட்டியல் மரியாடிபி டேட்டாபேஸ்ல இருக்கு. சர்வர் சேலம் ஆபீஸ்ல. மலை மேல இருக்கிறவங்க போன்லயும் ஒரு லேப்டாப்லயும் பார்க்கிறாங்க.

காட்டேஜ் புக்கிங் எல்லாம் ‘இன்ஃபோ’ங்கிற ஐடிக்கு வருது. முதல் எழுத்தை கேப்பிட்டல்ல போட்டு அனுப்பினா மெயில் லேப்டாப்ல வர்றதில்லை, ஆனா போன்ல வருது. எல்லா எழுத்தும் ஸ்மால்ல இருந்தா லேப்டாப்ல வருது, போன்ல இல்லை. இனிமே எழுதும்போது முதலாவதை ‘பெரிய இன்ஃபோ’ன்னும் ரெண்டாவதை ‘சின்ன இன்ஃபோ’ன்னும் சொல்றேன்.

டிஸ்க்ல பார்த்தா வார்-விமெயில் (எல்லார் மெயிலும் இருக்கிற ஃபோல்டர்) அடியில, டொமைன் ஃபோல்டருக்குள்ள, ரெண்டு பேர்லயும் தனித்தனி ஃபோல்டர் உக்காந்திருக்கு. ரெண்டுலயும் மெயில் இருக்கு. பவுன்ஸ் (போய்ச் சேரலைன்னு திரும்பி வர்ற மெயில்) எதுவும் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் லாக்ல ரெண்டுக்குமே ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’னுதான் வருது.

கேட்க நினைக்கிறது மூணு விஷயம். விதிப்படி பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற ஐடியா? எங்க மாத்தினா ரெண்டும் ஒண்ணாகும்? இப்ப பிரிஞ்சு கிடக்கிற ரெண்டு பெட்டியை மெயில் தொலையாம எப்படிச் சேர்க்கிறது?

லைன்மேடு

முதல் கேள்விக்கு முதலில். மெயில் ஐடியை @ குறியில் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் டொமைன், அது டிஎன்எஸ் விதிக்குக் கட்டுப்பட்டது, அங்கே எழுத்தின் அளவுக்கு மதிப்பே இல்லை. இடப்பக்கம் அப்படியல்ல. 1982இல் வந்த ஆர்எஃப்சி (இன்டர்நெட் விதி ஆவணம்) 821 முதல் 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321 வரை ஒரே நிலைதான்: இடப்பக்கத்தை எழுத்தளவு வேறுபாட்டோடு நடத்த வேண்டும், வழியில் கைமாற்றும் எந்த சர்வரும் அதை மாற்றக் கூடாது. 5321இன் அதே பத்தியிலேயே, இந்த வேறுபாட்டை வைத்து இரண்டு தனித்தனி ஐடி உருவாக்குவது ஒத்திசைவைக் கெடுக்கும், வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. விதிவிலக்கு ‘போஸ்ட்மாஸ்டர்’ மட்டும். அதை எப்படி எழுதினாலும் எல்லா சர்வரும் ஏற்க வேண்டும், டொமைன் இல்லாமல் வெறும் பெயராக வந்தாலும்கூட.

இதிலிருந்து நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: அடுத்தவர் டொமைனில் உள்ள ஐடியின் எழுத்தைத் தொடாதீர்கள். உங்கள் டொமைனில் உள்ள ஐடி எந்தப் பெட்டியைக் குறிக்கிறது என்று முடிவு செய்யும் உரிமை உங்கள் சர்வருக்கு மட்டுமே உண்டு. அங்கே எல்லாவற்றையும் ஸ்மாலாக்கி ஒரே பெட்டிக்கு அனுப்புவது விதிக்கு முழுக்க உட்பட்டது. ஜிமெயிலும் மைக்ரோசாஃப்ட் 365உம் செய்வதும் அதுதான்.

உங்கள் சர்வரில் எந்த இடத்தில் ஓட்டை என்று சொல்ல மூன்று விஷயம் வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் டவ்காட் என்று தொடங்கும் வரியும் அதன் கீழ் வரியும். டவ்காட்டில் ‘ஆத்_யூசர்நேம்_ஃபார்மேட்’ என்னவாக இருக்கிறது. ‘டவ்கான்ஃப் -என்’ ஓட்டினால் தெரியும். எஸ்கியூஎல் கோப்பில் பாஸ்வேர்டு கேட்கும் வினவல் எந்தெந்தப் பத்தியை (அட்டவணையின் நெடுவரிசையை) திருப்பித் தருகிறது.

கூடவே, டவ்காட்டின் நிர்வாகக் கருவியான டவாட்மின் ‘டவாட்ம் யூசர்’ கட்டளைக்குப் பெரிய இன்ஃபோவை ஒருமுறை, சின்ன இன்ஃபோவை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். ஹோம் என்ற வரியில் வேறு வேறு பாதை வந்தால் கோளாறு டவ்காட்டின் பெயர்த் தேடலில் இருப்பது உறுதி.

ஐந்துரோடு_அட்மின்

பார்த்தேன் சார். மாஸ்டர்.சிஎஃப்ல டவ்காட்னு தொடங்குற பைப் வரியில (மெயிலை டவ்காட் புரோகிராமுக்குக் கொடுக்கிறது) ஃப்ளாக்ஸ்னு இருக்கிற இடத்துல டி, ஆர் ரெண்டு எழுத்துதான் இருக்கு. கடைசியில டவ்காட் டெலிவர் புரோகிராம், -டி, ரெசிபியன்ட் மாறி. யூசர்நேம் ஃபார்மேட்ல வெறும் %யு (சின்ன யு, அடிச்ச ஐடி அப்படியே). பழைய சர்வரோட கான்ஃபிகை அப்படியே காப்பி பண்ணினது. பாஸ்வேர்டு வினவல் பாஸ்வேர்டு பத்தியை மட்டும் தருது. யூசர்டிபி ஸ்டாட்டிக் (எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பாதை); ஹோம் பாதை %டி (டொமைன்), %என் (@க்கு முன்னாடி உள்ள பேர்) வச்சு எழுதியிருக்கு. டவாட்ம் யூசர்ல ரெண்டுக்கும் வேற வேற ஹோம்தான் வருது.

லைன்மேடு

சரி, முழுப் பாதையும் இப்போது தெளிவு. மெயில் வரும்போது நடப்பது இது:

போஸ்ட்ஃபிக்ஸ் ‘இந்த ஐடி நம்மிடம் உண்டா’ என்று மரியாடிபியில் தேடும் முன் ஐடியை ஸ்மாலாக்கிவிடும். அட்டவணைத் தேடல் எல்லாவற்றிலும் அது அப்படித்தான். எழுத்து வடிவம் பார்த்துத் தேடும் ரெக்எக்ஸ்ப், பிசிஆர்இ போன்ற வகை மட்டும் விலக்கு. ஆகவே பெரிய இன்ஃபோவும் ‘உண்டு’ என்று ஏற்கப்படுகிறது. ஆனால் ஸ்மாலாக்கியது தேடலுக்கு மட்டும். மெயிலோடு பயணிக்கும் ஐடி அனுப்பியவர் அடித்தபடியே இருக்கும். பைப் வழியாக டவ்காட்டிடம் கொடுக்கும்போது ரெசிபியன்ட் மாறியில் போவது அந்த மூல வடிவம். போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த ‘லோக்கல்’, ‘விர்ச்சுவல்’ டெலிவரி ஏஜென்ட்கள் தாமாகவே ஸ்மாலாக்கும். பைப் அப்படிச் செய்யாது, நாம் சொல்ல வேண்டும்.

டவ்காட் அந்தப் பெயரை வாங்கி மரியாடிபியில் கேட்கிறது. மரியாடிபியின் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) எழுத்தளவைப் பார்க்காது, அதனால் ‘ஆமாம், இருக்கிறார்’ என்று பதில். வினவல் வெறும் பாஸ்வேர்டை மட்டும் தருவதால், டவ்காட் கையில் இருப்பது இன்னமும் பெரிய இன்ஃபோதான். அதை வைத்து ஹோம் பாதை கட்டுகிறது. லினக்ஸின் கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4 பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்ப்பதால் புது ஃபோல்டர் பிறக்கிறது. எந்த இடத்திலும் பிழை இல்லை, அதனால் பவுன்ஸும் இல்லை. லாகினிலும் இதே கதை: போனில் அமைத்தவர் கேப்பிட்டலில் தொடங்கி அடித்திருப்பார், பாஸ்வேர்டு பொருந்தும், பெரிய பெட்டி திறக்கும்.

மாற்ற வேண்டியவை மூன்று. முதன்மையானது ஆத்_யூசர்நேம்_ஃபார்மேட். சதவீதக் குறி, பிறகு கேப்பிட்டல் எல், பிறகு ஸ்மால் யு. அந்த எல்தான் ஸ்மாலாக்கச் சொல்கிறது. 2.3இல் இது இயல்பாகவே இப்படித்தான் இருக்கும்; பழைய கான்ஃபிக் அதை மேலெழுதிவிட்டது, எனவே வரியையே நீக்கினாலும் போதும். 2.4க்குப் போகும்போது கவனம்: அங்கே இந்த எழுத்து முறை இல்லை, சதவீதக் குறிக்குப் பின் சுருள் அடைப்புக்குள் யூசர், செங்குத்துக் கோடு, லோயர் என்று குழாய் வடிவில் எழுத வேண்டும்.

இரண்டாவது பைப் வரி. டி, ஆர் ஓடு எச், யு இரண்டையும் சேருங்கள். யு இடப்பக்கத்தை ஸ்மாலாக்கும், எச் டொமைனை. டொமைனை ஏன் என்றால், அனுப்பியவர் டொமைனையும் கேப்பிட்டலில் அடித்திருந்தால் ஃபோல்டர் பாதையில் அதுவும் பிரியும். மெயின்.சிஎஃப்இல் டவ்காட்_டெஸ்டினேஷன்_ரெசிபியன்ட்_லிமிட் 1 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். டி ஃப்ளாகுக்கு அது கட்டாயம்.

மூன்றாவது பாஸ்வேர்டு வினவல். பாஸ்வேர்டோடு ‘யூசர்’ என்ற பெயரில் முழு ஐடியையும் அட்டவணையிலிருந்து திருப்பித் தரச் செய்யுங்கள். அப்போது லாகின் செய்தவர் எப்படி அடித்திருந்தாலும் அட்டவணையில் உள்ள வடிவமே நிலைக்கும். முதல் மாற்றம் ஒன்றே வேலையை முடித்துவிடும்தான்; ஆனால் நாளை இன்னொருவர் கான்ஃபிகைத் தொடும்போது மற்ற இரண்டும் காக்கும்.

ஆனால் இதை இப்போதே ரீலோடு செய்யாதீர்கள். செய்த கணத்தில் போனில் இருப்பவருக்குப் பழைய புக்கிங் எல்லாம் கண்ணைவிட்டு மறையும். சேர்க்கும் வேலையும் இதுவும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

நாகலூர்_மேடு

சேர்க்கிறதைப் பத்தி நான் சொல்றேன். முதல்ல இன்ஃபோ மட்டும்தானா, வேற எத்தனை பேருக்கு இப்படிப் பிரிஞ்சிருக்குன்னு பாருங்க. ஃபைண்ட் கட்டளையில மேக்ஸ்டெப்த் 2, டைப் டி, பெயர்ல அப்பர் வகை எழுத்து உள்ளது மட்டும்னு தேடுங்க. ஏ-முதல்-இசட் வரைன்னு ரேஞ்ச் போடாதீங்க. சில லொகேல்ல அந்த ரேஞ்சுக்குள்ள ஸ்மால் எழுத்தும் வந்துடும். அப்பர்னு வகைப் பெயரைச் சொன்னா அந்தத் தொல்லை இல்லை. ரெண்டு ஆழத்துக்கு மேல போகாதீங்க, சென்ட், டிராஃப்ட்ஸ், டிராஷ் ஃபோல்டர் எல்லாமே கேப்பிட்டல்லதான் தொடங்கும், பட்டியல் நிறைஞ்சுடும்.

அப்புறம் வரிசையா: போஸ்ட்கான்ஃப்ல டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸ் மதிப்பை டவ்காட்னு வச்சு ரீலோடு. இதுக்கப்புறம் வர்ற மெயில் திரும்பிப் போகாது, கியூவிலேயே காத்திருக்கும். இயல்பா 5 நாள் வரைக்கும் தாங்கும், உங்க வேலை ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். டவாட்ம் கிக் போட்டு ரெண்டு பெயர்லயும் உள்ள லாகினை வெளியேத்துங்க.

பேக்கப் எடுக்கும்போது டார் போட்டு ஒரே கோப்பாக்குங்க. பென்டிரைவ்லயோ விண்டோஸ் லேப்டாப்லயோ ஃபோல்டராவே காப்பி பண்ணினா ரெண்டு விதத்துல அடி வாங்குவீங்க. விண்டோஸ்ல பெரிய இன்ஃபோவும் சின்ன இன்ஃபோவும் ஒரே ஃபோல்டர், ஒண்ணு மேல ஒண்ணு விழும். அதோட மெயில்டிர் (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்புன்னு சேமிக்கிற முறை) கோப்புப் பெயர்ல வர்ற முக்கால்புள்ளியை, அதாவது ‘:2,எஸ்’ல முன்னாடி நிக்கிற ரெண்டு புள்ளியை, விண்டோஸ் ஏத்துக்காது. படிச்சது, பதில் போட்டதுங்கிற அடையாளம் எல்லாம் அந்தப் பெயர்லதான் இருக்கு.

பேக்கப் ஆனதும் பெரிய இன்ஃபோ ஃபோல்டரை வார்-விமெயிலுக்கு வெளியே, பக்கத்துல ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்க. உரிமை விமெயில் யூசர் பெயர்லயே இருக்கணும், போற வழியில உள்ள ஃபோல்டரையும் அவர் திறக்க முடியணும். இல்லைன்னா அடுத்த படி ‘பெர்மிஷன் டினைடு’ன்னு நிக்கும். இப்ப லைன்மேடு சார் சொன்ன மூணு மாத்தத்தையும் போட்டு டவ்காட்டை ரீலோடு பண்ணுங்க. டவாட்ம் யூசர்ல ரெண்டு பெயருக்கும் ஒரே ஹோம் வந்தா மட்டும் மேல போங்க.

அடுத்தது டவாட்ம் இம்போர்ட். -யு போட்டு சின்ன இன்ஃபோ ஐடி, பிறகு மெயில்டிர்னு தொடங்கி நகர்த்தி வச்ச பழைய பாதை, பிறகு வெறும் இரட்டை மேற்கோள், கடைசியா ‘ஆல்’. நடுவுல வர்ற வெறும் மேற்கோளை விட்டுடாதீங்க. எந்த ஃபோல்டருக்குக் கீழே சேர்க்கணும்னு கேட்கிற இடம் அது. வெறுமையா இருந்தா இன்பாக்ஸ் இன்பாக்ஸோட, சென்ட் சென்டோட சேரும். சேர்க்க பயமா இருந்தா அங்க ‘பழையது’ன்னு ஒரு பேர் கொடுங்க, எல்லாம் அதுக்கு அடியில தனியா வந்து உக்காரும், ஆளே பார்த்து இழுத்துப் போட்டுக்கலாம்.

எம்வி கட்டளையால கோப்பை நேரா நகர்த்தினா என்னன்னு கேட்பீங்க. மெயில் கோப்புப் பெயர் ஒண்ணோட ஒண்ணு மோதாது, மெயிலும் தெரியும். ஆனா லேபிள் மாதிரி போட்ட கீவேர்டு அடையாளம் கோப்புப் பெயர்ல வெறும் ஏ, பி, சின்னு சின்ன எழுத்தா இருக்கும். எந்த எழுத்து எந்த லேபிள்னு சொல்றது அந்தந்த ஃபோல்டர்ல உள்ள டவ்காட்-கீவேர்ட்ஸ் கோப்பு. நகர்த்தினா லேபிள் மாறிப் போயிடும், ‘அட்வான்ஸ் வந்தது’ன்னு குறிச்சது ‘ரத்து’ன்னு காட்டும். இம்போர்ட் இதைச் சரியாப் பார்த்துக்கும்.

இம்போர்ட்டை ரெண்டு தடவை ஓட்டாதீங்க. அது ஏற்கெனவே வந்ததான்னு பார்க்காது, எல்லாம் ரெட்டிப்பாகும். பாதியில நின்னு திரும்ப ஓட்ட வேண்டி வந்தா, முடிஞ்சதும் டவாட்ம் டீடூப்ளிகேட்டை -எம் போட்டு ஓட்டுங்க, மெசேஜ்-ஐடி பார்த்துக் கூடுதல் பிரதியை எடுத்துடும்.

டவாட்ம் மெயில்பாக்ஸ் ஸ்டேட்டஸ்ல எண்ணிக்கை கூட்டிப் பாருங்க, கோட்டா வச்சிருந்தா கோட்டா ரீகால்க். சீவ் ஸ்கிரிப்ட் (மெயிலைத் தானாப் பிரிக்கிற, லீவு பதில் போடுற விதி) இம்போர்ட்ல வராது. பெரிய இன்ஃபோ ஹோம்ல ஒரு ஸ்கிரிப்ட், சின்ன இன்ஃபோ ஹோம்ல ஒண்ணுன்னு இருக்கலாம், திறந்து ஒப்பிட்டுப் பாருங்க. லீவு பதில் ஒரு பக்கம் மட்டும் போட்டிருப்பாங்க. எல்லாம் சரின்னா டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸை வெறுமையாக்கி, ரீலோடு, போஸ்ட்கியூ -எஃப்.

இன்னொண்ணு. பெரிய இன்ஃபோவா இருந்த போன் இப்ப வேற பெட்டியைப் பார்க்கும், யுஐடி-வேலிடிட்டி (ஃபோல்டரோட அடையாள எண்) மாறியிருக்கும், அதனால இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு எல்லாத்தையும் முதல்லேர்ந்து இறக்கும். மலை மேல லைன் மெதுவா இருந்தா அது பெரிய பாரம். ராத்திரி பண்ணுங்க, இல்லை போனில் ‘கடைசி 30 நாள்’ மட்டும் இறக்குற மாதிரி முன்னாடியே மாத்திடுங்க. யாராவது பிஓபி3ல எடுக்கிறாங்கன்னா, சேர்த்த மெயில் எல்லாம் புதுசா வந்த மாதிரி ஒருதடவை இறங்கும்னு சொல்லி வையுங்க.

கொண்டலாம்பட்டி_நெட்

இவ்வளவு எதுக்கு? கேட்வேயிலேயே கெனானிகல் மேப் (ஐடியை மாத்தி எழுதுற பட்டியல்) ஒண்ணு போட்டு டூ, ஃப்ரம், என்வலப் (சர்வர்கள் தங்களுக்குள்ள சொல்லிக்கிற உறை முகவரி) எல்லாத்தையும் ஸ்மாலாக்கிட்டா உள்ள வர்றதும் வெளிய போறதும் சுத்தமாயிடுமே. ஹெடர்ல கேப்பிட்டலே இருக்காது.

லைன்மேடு

வேண்டாம் நண்பரே, இது நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டு அதிகம் சேதம் செய்யும் மாற்றம்.

முதலில் டிகேஐஎம், அதாவது மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம். அனுப்பிய சர்வர் ஃப்ரம், டூ போன்ற ஹெடர்களைச் சேர்த்துக் கையொப்பமிட்டிருக்கும். ‘ரிலாக்ஸ்டு’ முறை ஹெடரின் பெயரைத்தான் ஸ்மாலாக்கி ஒப்பிடும். பெயருக்குப் பின் வரும் மதிப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது. உங்கள் சர்வரில் சரிபார்த்து முடித்த பிறகுதான் மாற்றுகிறீர்கள் என்றாலும், அதே மெயிலை முதலாளியின் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்தால் அங்கே தோற்கும். ஃபார்வர்டில் எஸ்பிஎஃப் (அனுப்பும் சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்ற சோதனை) ஏற்கெனவே போய்விட்டது, டிகேஐஎம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் உடைத்தால் மெயில் ஸ்பாமுக்கோ குப்பைக்கோ போகும். காரணம் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும், ஏனென்றால் கண்ணுக்கு மெயிலில் எந்த மாற்றமும் தெரியாது.

அடுத்து என்வலப் அனுப்புநர். அது மனிதர் அடித்த ஐடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மெயிலிங் லிஸ்ட், பில் அனுப்பும் சேவைகள் எல்லாம் பவுன்ஸ் யாருடையது என்று கண்டுபிடிக்க இடப்பக்கத்தில் ஒரு டோக்கன் வைக்கும். அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்திருந்தால் நீங்கள் ஸ்மாலாக்கியதும் டோக்கன் செத்துவிடும். ஃபார்வர்டில் அனுப்புநரை மாற்றி எழுதப் பயன்படும் எஸ்ஆர்எஸ் முகவரியில் உள்ள ஹாஷ் பேஸ்64, அதாவது பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த குறிமுறை. வழியில் யாராவது எழுத்தைச் சிதைப்பார்கள் என்று தெரிந்தே அதன் வடிவமைப்பாளர்கள் எழுத்தளவு பார்க்காமல் ஒப்பிட இடம் வைத்தார்கள். எல்லா டோக்கனுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கெனானிகல் மேப் இயல்பாக நான்கு இடத்தையும் தொடும்: என்வலப் அனுப்புநர், பெறுநர், ஹெடரில் அனுப்புநர், பெறுநர் (வெளியிலிருந்து வரும் மெயிலின் ஹெடரை, ஹெடர் திருத்தத்தை அதற்கும் இயக்கியிருந்தால் மட்டும்). டொமைன் பார்த்து வேறுபடுத்தாது. நீங்கள் எழுதிய மேப் எதற்குப் பொருந்துகிறதோ அதையெல்லாம் மாற்றும். எங்கே ஸ்மாலாக்குவது என்பதற்கு ஒரே இடம், மெயில் பெட்டிக்குள் விழும் கடைசிப் படி. இன்னொரு மெயில் சர்வரான எக்ஸிம் இயல்பிலேயே ரவுட்டரில் அப்படிச் செய்கிறது. வேண்டாமென்றால்தான் கேஸ்ஃபுல்_லோக்கல்_பார்ட் போட வேண்டும். செண்ட்மெயில் சர்வரில் மெயிலர் ஃப்ளாக் யு இருந்தால் எழுத்து காக்கப்படும், இல்லாவிட்டால் ஸ்மாலாகும். இந்த யுவும் போஸ்ட்ஃபிக்ஸ் பைப்பின் யுவும் நேர் எதிர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சீவ் ஃபில்டருக்காகத்தான் ஹெடரை ஸ்மாலாக்க நினைத்தீர்கள் என்றால் அதற்குத் தேவையே இல்லை. சீவின் இயல்பான ஒப்பீடு ஆங்கில எழுத்தின் அளவைப் பார்க்காது.

கன்னங்குறிச்சி_டிபி

மரியாடிபி என்பதால் இந்தப் பிரச்சினை ‘இரண்டு பெட்டி’யாக வந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் ஆக இருந்தால் ‘ஆளே இல்லை’ என்று வரும். அதையும் பதிந்துவைக்கிறேன், பலர் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

போஸ்ட்கிரஸின் டெக்ஸ்ட் வகை எழுத்தளவு பார்க்கும். போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்மாலாக்கிய ஐடியோடு வந்து கேட்கும். அட்டவணையில் ஊழியர் பெயரை யாராவது எக்செல்லிலிருந்து கேப்பிட்டலோடு ஏற்றியிருந்தால் பொருந்தவே பொருந்தாது, 550 5.1.1, ‘யூசர் அன்னோன் இன் விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டேபிள்’. அனுப்பியவர் எப்படி அடித்தாலும் இதே பதில்தான், அதனால் எழுத்தளவுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. மரியாடிபியிலும் பத்தியின் கொலேஷனை யுடிஎஃப்8எம்பி4_பின் என்று வைத்தால் இதேதான் நடக்கும்.

சரிசெய்ய, முதலில் லோயர் செய்த ஐடியால் குரூப் பை போட்டு, எண்ணிக்கை 1க்கு மேல் உள்ளவற்றை எடுங்கள். அவற்றைக் கையால் தீர்த்த பிறகு எல்லா வரிசையையும் லோயராக்கி அப்டேட். கடைசியாக லோயர் மேல் ஒரு யுனீக் இண்டெக்ஸ். இரட்டை ஐடிகளைத் தீர்க்காமல் போட்டால் இண்டெக்ஸ் உருவாகாது. வினவலில் மட்டும் லோயர் போட்டு விட்டுவிடும் பழக்கம் உண்டு. அது ஓடும், ஆனால் நாளை அதே ஐடி இன்னொரு முறை வேறு அளவில் ஏறுவதைத் தடுக்காது.

புக்கிங் ஃபார்ம் உங்கள் வெப்சைட்டில் இருந்தால் அங்கேயும் பாருங்கள். இன்புட் வகை டெக்ஸ்ட் என்றிருந்தால் போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகக் கேப்பிட்டலாக்கும், பரிந்துரையைத் தொட்டால் கடைசியில் ஓர் இடைவெளியையும் ஒட்டும். வகையை இமெயில் என்று மாற்றி, ஆட்டோகேப்பிட்டலைஸ் நன் என்று வையுங்கள். சர்வர் பக்கத்தில் இரு முனை இடைவெளியை வெட்டுங்கள். வாடிக்கையாளர் அடித்த ஐடியை அப்படியே ஒரு பத்தியில், ஒப்பிடுவதற்கு ஸ்மாலாக்கியதை இன்னொரு பத்தியில். மெயில் அனுப்ப முதலாவது, ‘ஏற்கெனவே இருக்கிறாரா’ என்று தேட இரண்டாவது.

பாஸ்வேர்டு ரீசெட் இருந்தால் ஒரு விதியை விடவே கூடாது: ஃபார்மில் அடிக்கப்பட்ட ஐடிக்கு அனுப்பாதீர்கள், அட்டவணையில் சேமித்த ஐடிக்கு அனுப்புங்கள். யூனிகோடில் புள்ளியில்லாத துருக்கிய ஐ போன்ற எழுத்துகள் அப்பராக்கினால் சாதாரண ஐயாகிவிடும். அப்படி வேறொருவர் ஐடியோடு ‘பொருந்தி’, ரீசெட் லிங்க் திருடன் ஐடிக்குப் போகும். 2019இல் ஜாங்கோ என்ற வெப்சைட் கட்டமைப்பில் இந்த ஓட்டை சிவிஇ-2019-19844 என்ற பாதுகாப்பு ஓட்டை எண்ணில் பதிவாகி அடைக்கப்பட்டது.

சூரமங்கலம்_ஏடி

மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் (மெயில் சர்வர்), ஆக்டிவ் டைரக்டரி (யூசர் பட்டியல்) வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன ‘எல்லாவற்றையும் லோயராக்கு’ வேலையை பிராக்ஸி-அட்ரசஸ் பத்தியில் ஓட்டிவிடாதீர்கள். அங்கே ஒவ்வொரு ஐடிக்கும் முன்னால் எஸ்எம்டிபி என்று முன்னொட்டு இருக்கும். அது கேப்பிட்டலில் இருந்தால் முதன்மை ஐடி, ஸ்மாலில் இருந்தால் கூடுதல் ஐடி. ஒருவருக்கு ஒன்றுதான் கேப்பிட்டலில் இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் முழு வரியையும் ஸ்மாலாக்கினால் முதன்மை எது என்ற தகவலே அழியும். முக்கால்புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்றுங்கள்.

மெயிலில் டிஜிட்டல் கையொப்பம் போடுபவர்கள் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே ஐடியை முழுக்க ஸ்மாலில் கொடுங்கள். ஆர்எஃப்சி 5280 படி சான்றிதழில் உள்ள ஐடியின் இடப்பக்கம் எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்த வேண்டும், டொமைன் மட்டும்தான் அளவு பார்க்காமல். சான்றிதழில் கேப்பிட்டலும் ஃப்ரமில் ஸ்மாலும் இருந்தால், விதியைக் கறாராகப் பின்பற்றும் மெயில் புரோகிராம் ‘அனுப்பியவர் வேறு, கையொப்பமிட்டவர் வேறு’ என்று காட்டலாம். சான்றிதழைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

நாகலூர்_மேடு

தமிழ் எழுத்துல ஐடி வைக்க நினைக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், கேள்வியில கொலுசு வியாபாரம்னு வந்ததால. தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, அதனால இந்தத் தொல்லையே இல்லைன்னு நினைக்க வேண்டாம். ‘கொலுசு’ன்னு ஐடி வச்சா, ‘கொ’வை ரெண்டு விதமா அடிக்கலாம். ககரத்தோட ஒகரக் குறியை ஒரே எழுத்தா, யு+0பிசிஏன்னு சேர்க்கலாம். இல்லை எகரக் கொம்பு யு+0பிசி6, பிறகு கால் யு+0பிபிஇன்னு ரெண்டாப் போடலாம். திரையில அச்சு அசலா ஒண்ணுபோலத் தெரியும், பைட் அளவுல வேற வேற, ஃபோல்டரும் வேற வேற. கீபோர்டுக்குக் கீபோர்டு இது மாறும்.

இதுக்கு ஸ்மாலாக்கிறது உதவாது. யூனிகோடோட என்எஃப்சி (பிரிச்சு அடிச்சதை ஒரே எழுத்தாச் சேர்க்கிற) வடிவத்துக்கு மாத்திச் சேமிக்கணும், தேடும்போதும் அதே வடிவத்துக்கு மாத்தித் தேடணும். போஸ்ட்ஃபிக்ஸ் 3.0லேர்ந்து எஸ்எம்டிபியுடிஎஃப்8 (ஆங்கிலம் அல்லாத எழுத்துல ஐடி அனுப்புற நீட்சி) இருக்கு, ஆனா டவ்காட்ல யூசர்நேம்ல அனுமதிச்ச எழுத்துப் பட்டியல் இயல்பா ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு, அடிக்கோடு, @ இவ்வளவுதான். தமிழ் ஐடி வச்சாலும் ஆங்கிலத்துல ஒரு அலையாஸ் கட்டாயம் வையுங்க, எதிர்ப்பக்க சர்வர் இந்த நீட்சியை அறியாம இருந்தா மெயில் வரவே வராது.

ஐந்துரோடு_அட்மின்

நேத்து ராத்திரி நாகலூர் அண்ணன் சொன்ன வரிசையிலேயே முடிச்சாச்சு. மொத்தம் மூணு ஐடி பிரிஞ்சிருந்தது, மூணும் சேர்ந்துடுச்சு, எண்ணிக்கை சரியா இருக்கு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

ஒரே ஒரு பாக்கி. காட்டேஜ் வாரியாப் பிரிக்க இன்ஃபோவுக்குப் பின்னாடி பிளஸ் போட்டு காட்டேஜ் பேர் சேர்த்து ஐடி கொடுக்கலாம்னு இருக்கோம். அதுலயும் எழுத்தளவு பிரிக்குமா?

லைன்மேடு

பிரிக்கும், எப்படி டெலிவரி செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. இப்போதுள்ள பைப் வழியில் யு ஃப்ளாக் ரெசிபியன்ட் மாறியின் இடப்பக்கம் முழுவதையும், பிளஸுக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்தே ஸ்மாலாக்கும். பின்னால் எல்எம்டிபிக்கு (பைப் இல்லாமல் டவ்காட்டிடம் நேராக ஒப்படைக்கும் முறை) மாறினால் அந்த ஃப்ளாக் கிடையாது. அங்கே எல்எம்டிபி_சேவ்_டூ_டீட்டெய்ல்_மெயில்பாக்ஸ் போட்டு நேராக ஃபோல்டருக்கு அனுப்பினால், பிளஸுக்குப் பின் வந்தது எப்படி அடிக்கப்பட்டதோ அதே பெயரில் ஃபோல்டரைத் தேடும். ஐமேப் (போனும் லேப்டாப்பும் பெட்டியைப் பார்க்கும் முறை) விதிப்படி இன்பாக்ஸ் என்ற ஒரு பெயர்தான் எழுத்தளவு பார்க்காதது, மற்ற ஃபோல்டர் பெயர்களை டவ்காட் எழுத்தளவு பார்த்தே பிரிக்கும். எல்டிஏ_மெயில்பாக்ஸ்_ஆட்டோகிரியேட்டும் ‘யெஸ்’ என்றிருந்தால் கேப்பிட்டலில் ஒன்று, ஸ்மாலில் ஒன்று என்று இரண்டு ஃபோல்டர் பிறக்கும். சந்தா இல்லாத ஃபோல்டர் போனில் தெரியவும் செய்யாது.

ஆகவே ஃபோல்டர் தேர்வைச் சீவிடம் விடுங்கள். என்வலப் சோதனையில் ‘:டீட்டெய்ல்’ எடுத்து, காட்டேஜ் பெயரோடு ஒப்பிட்டு, ஃபைல்இன்டூவில் ஃபோல்டர் பெயரை நீங்களே எழுதுங்கள். தலைப்பில் ரிக்வயர் வரியில் என்வலப், ஃபைல்இன்டூ, சப்அட்ரஸ் மூன்றும் இருக்க வேண்டும். ஒப்பீடு அளவு பார்க்காது, எனவே விருந்தினர் எப்படி அடித்தாலும் நீங்கள் குறித்த ஒரே ஃபோல்டருக்குப் போகும். எதற்கும் பொருந்தாதது இன்பாக்ஸில் விழும். போஸ்ட்ஃபிக்ஸில் ரெசிபியன்ட்_டிலிமிட்டர் பிளஸ் என்று இருக்க வேண்டும், டவ்காட்டிலும் அதே குறி. பைப் வழியில் எல்டிஏவுக்கு (டவ்காட் டெலிவர் புரோகிராம்) -டியில் பிளஸ் இல்லாத ஐடியும், -ஏவில் ஒரிஜினல்_ரெசிபியன்ட்டும் போகும்படி வரியை மாற்றுங்கள். பிளஸோடு சேர்த்து -டிக்குக் கொடுத்தால் அந்தப் பெயரில் யூசரைத் தேடி, இல்லை என்று நிற்கும்.